போலாக்கோவுக்குப் பின்னால் நின்றவள்

நெரெய்தாவுக்கும் எவெலியோவுக்கும் விவாகரத்து கிடைத்த அன்று மத்தியானம் இரண்டு பேரும் ஒரே காரில் ஏறி ஒரே வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? எங்கள் சியென்ஃபுவேகோஸில் புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்க ஒரு நீதிபதி போதும். வீட்டைப் பிரிப்பதுதான் நடக்காத காரியம். அந்தக் காலத்தில் கியூபாவில் வீட்டை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். உன் ஒரு பெரிய வீட்டுக்கு என் இரண்டு சின்ன வீடு என்று எவனாவது வந்தால் உண்டு. அப்படி ஒருத்தன் வரும்வரைக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் ஒரே கூரைக்குள் கிடக்க வேண்டியதுதான்.

நான் எதிர்வீட்டு இல்டா. எங்கள் தெருவில் டெலிபோன் இருந்தது என் வீட்டில் மட்டும். அதனால் யாருக்கு என்ன சேதி வந்தாலும் முதலில் என் காதில் விழுந்துவிட்டுத்தான் போகும். வம்புக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவசரம் என்றால் அவர்களே என் வாசலில் வந்து நிற்பார்கள், அப்போது மட்டும் நான் தங்கம்.

விவாகரத்தான மறுவாரமே எவெலியோ ஹாலுக்கு நடுவில் ஒட்டுப்பலகை அடித்துத் தடுத்துவிட்டான். தெருப்பக்கம் அவனுக்கு, கொல்லைப்பக்கம் அவளுக்கு. பலகை போதாமல் போய், தடுப்பு கூரை வரைக்கும் எட்டவில்லை. அவன் ரேடியோவில் பேஸ்பால், அவன் இருமல், அவன் குறட்டை எல்லாம் பலகைக்கு மேலாக ஏறி அவள் கட்டிலில் வந்து விழும். அவள் வெளியே போகவேண்டும் என்றால் அவன் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சமையலறையில் இரண்டு பானைகள். இவள் கறுப்பு பீன்ஸ் வேகவைத்து இறக்கும்வரை அவன் காப்பிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்பான். பேச்சு வார்த்தை கிடையாது.

ஒரு நாள் என் வீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "இல்டாக்கா, எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாம். ஒரு ரூம் போதும். ஆனா அதுக்கு ஒரு கதவு இருக்கணும், சாவி என்கிட்ட மட்டும் இருக்கணும்." ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை, ஊரில் பாதிப்பேர் ரத்தம் அவள் கண்ணாடித் தகட்டில் கிடந்திருக்கிறது. அவள் கேட்டது இவ்வளவுதான்.

இப்போது அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் தடுப்புப் பலகையைவிட அவளைக் கட்டிப்போட்டது அதுதான்.

அது ஒரு போலாக்கோ. போலந்திலிருந்து வந்த குட்டி வண்டி, அதனால் அந்தப் பெயர். நாலு பேர் ஏறினால் முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துத்தான் உட்காரவேண்டும். இன்ஜின் பின்னால், சாமான் வைக்கிற இடம் முன்னால். எண்பதுகளில் எவெலியோ வேலை பார்த்த சிமெண்டுத் தொழிற்சாலைக்கு அரசாங்கம் சில வண்டிகளை அனுப்பியபோது, நல்ல தொழிலாளி யார் என்று கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொன்னார்கள். எவெலியோவுக்குக் கைகள் எழுந்தன. வண்டி அவன் பெயரில் வந்தது, அவன் பெயரில்தான் இருக்கும். விற்கமுடியாது, பெயர் மாற்றமுடியாது. கூட்டத்தில் எத்தனை கை எழுந்தது என்று கேட்டுவிட்டால் போதும், மனுஷன் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுவான். எங்கள் ஆம்பளைகளுக்குப் பெண்டாட்டி போனால்கூட ஒரு மாதிரி தேறிவிடுவார்கள். உழைப்புக்குக் கிடைத்த காரைக் குறை சொன்னால் அன்றோடு உறவு முடிந்தது.

ஆனால் வண்டிக்கு வயசாகிவிட்டது. பதினைந்து இருபது வருஷம் கடல் உப்புக்காற்றில் நின்ற தகரம் எப்படி இருக்கும்? டிரைவர் சீட்டுக்குக் கீழே தரை அரித்துப்போய், ஒரு பலகை போட்டிருந்தான். மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் கணுக்காலில் அடிக்கும். ஜன்னல் கண்ணாடி கதவுக்குள்ளே இறங்கிப் போய்விடும் என்று மர ஆப்பு வைத்து நிறுத்தியிருந்தான். சூடு ஏறினால் இன்ஜின் நின்றுபோகும், அதனால் பின் மூடியை எப்போதும் ஒரு கட்டை கொடுத்துத் திறந்தே வைத்து ஓட்டுவான். பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கும். பக்கத்து சீட்டுக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, உள் கைப்பிடி உடைந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இவன் இறங்கி, சாவியை உருவி எடுத்து, திருட்டுக்குப் பயந்து மழைத் துடைப்பான் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பிறகு சுற்றி வந்து திறந்துவிட்டால்தான் அவள் இறங்கலாம். அதுவரைக்கும் அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள்ளே உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்களும் நோயாளிகளும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

எல்லாவற்றிலும் மோசம் ஸ்டார்ட் பண்ணுவது. அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லிவர் உண்டு. அதைத் தூக்கினால் ஒரு கேபிள் இழுபட்டு, பின்னாலிருக்கிற ஸ்டார்ட்டரைத் தட்டிவிடும். போலாக்கோ வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், முதலில் அறுந்துபோவது அந்தக் கேபிள்தான். எவெலியோவுக்கும் அறுந்தது, விவாகரத்தான அதே வருஷம். புதுசுக்கு எங்கே போவது? பின் மூடிக்குள்ளே ஒரு நீளக் கட்டையை விட்டு ஸ்டார்ட்டரை ஒருத்தர் அழுத்தவேண்டும், அதே சமயத்தில் முன்னால் ஒருத்தர் ஆக்சிலேட்டரை மிதிக்கவேண்டும். மிதி தப்பினால் இன்ஜின் ஒரு இருமலோடு செத்துப்போகும். எங்கள் ஊரோ தட்டு மாதிரி சமம், மேட்டிலிருந்து உருட்டிவிடவும் வழியில்லை.

ஆக, தினமும் காலையில் நெரெய்தா ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டோடு, தரை துடைக்கிற கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் வந்து நிற்பாள். அவன் முன்னால் உட்கார்ந்திருப்பான். அவள் குனிந்து இடம் பார்த்து அழுத்தி, "இப்ப" என்பாள். அவன் மிதிப்பான். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் "போதும்" என்பாள். அன்றைக்கெல்லாம் அந்த வீட்டில் பேச்சு என்று நடந்தது இந்த இரண்டு வார்த்தைதான். அதற்குக் கூலி, ஆஸ்பத்திரி வரைக்கும் சவாரி. பஸ்ஸை நம்பினால் மத்தியானம்தான் போய்ச் சேரமுடியும் என்பதால் அவளும் ஒத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவளே இன்னொரு தரம் அழுத்திவிடுவாள், சாயங்காலம் தொழிற்சாலையில் லாரி இறங்குகிற சரிவில் உருட்டிக் கிளப்பிக்கொள்வதாக அவன் சொல்லியிருந்தான்.

பார்த்துப் பார்த்து எனக்கே சகிக்கவில்லை. ஒரு முறை அவள் கை சைலன்சரில் பட்டு மணிக்கட்டில் வெந்துவிட்டது. நான் போய், "ஏய்யா, கட்டையை என்கிட்ட குடு, நான் குத்துறேன்" என்று கேட்டேன். எவெலியோ குழந்தையை யாரோ தூக்க வந்தமாதிரி பதறினான். அந்த ஸ்டார்ட்டர் அவள் கைக்குப் பழகிவிட்டதாம், வேறு யாராவது குத்தினால் பல்சக்கரம் உடைந்துவிடுமாம். இதை நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு பழைய காரும் ஒரு கைக்குத்தான் அடங்கும் என்று எல்லாருமே சத்தியம் செய்வார்கள். என் மாமா தன் டிரக்கை வேறு யாரையும் தொடவே விடமாட்டார். அதனால் நானும் நம்பினேன், அவளும் நம்பினாள். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் கறுத்த துணி ஒன்று சுற்றிக் கட்டியிருக்கும். ஆயில் ஒழுகுகிறது, அதைத் தொடாதே என்று அவன் சொல்லியிருந்தான். அவள் தொட்டதே இல்லை.

இதற்கு நடுவில் ஹவானாவிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. போன் என் வீட்டுக்குத்தான் வந்தது, நான்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். ஆறு மாதம் அங்கே தங்கிப் பயிற்சி. திரும்பி வந்தால் பரிசோதனைக் கூடத்துக்கே அவள்தான் தலைவி. தங்குவதற்குத் தனி அறை தருவார்களாம். தனி அறை என்று கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் வந்து, போகவில்லை என்றாள்.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு?"

"நான் போயிட்டா வண்டி எப்படிக்கா கிளம்பும்? தொழிற்சாலை இருக்கிறது குடாவுக்கு அந்தப் பக்கம். அந்த சிமெண்டுத் தூசி நெஞ்சை வச்சுக்கிட்டு சைக்கிள் மிதிப்பானா? வேலை போயிடும். வேலை இல்லாம நாள் பூராவும் வீட்ல உட்கார்ந்தான்னா, நான் திரும்பி வரும்போது எனக்கு அந்தக் கொல்லைப்பக்கமும் இருக்காது."

இரக்கமும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு பொம்பளையை நகரவிடாது. நான் கோபத்தில் நேரே எவெலியோவிடமே போய்ச் சொன்னேன். அவளை ஹவானாவுக்குக் கூப்பிடுகிறார்கள், உன் தகர டப்பாவுக்காகப் போகாமல் இருக்கிறாள், நீயாவது போகச் சொல்லு என்றேன். அவன் வாளியில் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வண்டியின் முன்விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு மாற்று தேடி மூன்று பேர் வந்துபோனார்கள். நெரெய்தா ஒவ்வொரு முறையும் தரையைக் கழுவி, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, காப்பி போட்டு வைப்பாள். எவெலியோ ஒவ்வொரு முறையும் ஒரு நொட்டை கண்டுபிடிப்பான். ஒரு வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. ஒரு வீட்டில் சுவர் ஓதம். இன்னொன்று மாடிப்படி அதிகம், நெஞ்சுக்கு ஆகாது. அவன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள், அவள் திரையைக் கழற்றி மடித்து வைப்பாள்.

நாலாவதாக வந்தவன் பௌலினோ. மீன்பிடிப் படகில் வேலை, தோள் இரண்டும் கதவை அடைக்கும், வாய் அதைவிடப் பெரிசு. அவன் அக்கா இடுப்பெலும்பு உடைந்து கிடந்தாள். அவளுக்கு ஒரு வீடு, இவனுக்கு ஒரு வீடு. இரண்டையும் கொடுத்து, அக்காவோடு சேர்ந்து தங்க, படி ஏறாத ஒரே வீடு வேண்டும் என்றான். ஒன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தரைத்தளம், வாசலில் கார் நிறுத்தலாம், ஓதம் கிடையாது. இன்னொன்று ப்ராதோ வீதிக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை, சின்ன பால்கனி. எவெலியோ சுற்றிச் சுற்றிப் பார்த்தும் குறை ஒன்றும் அகப்படவில்லை. நெரெய்தா மாடி அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் அதன் கதவைப் பற்றித்தான் சொன்னாள். கனமான பழைய மரக் கதவாம், உள்ளே தாழ்ப்பாள் இரும்பாம்.

அப்போதுதான் பௌலினோ குண்டைத் தூக்கிப் போட்டான். என் இரண்டு வீடும் உங்கள் ஒன்றைவிட நல்லவை, சரிக்கட்ட அந்தப் போலாக்கோவையும் சேர்த்துக் கொடுங்கள் என்றான். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவனுக்கு வண்டி வேண்டும். பெயர் மாற்றமுடியாதே என்றால், பெயர் அவரிடமே இருக்கட்டும், சாவி என்னிடம் இருக்கட்டும் என்றான். ஊரில் பாதிக் கார்கள் அப்படித்தான் ஓடின.

எவெலியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அது உழைப்புக்குக் கிடைத்த வண்டி, உயிர் இருக்கும்வரை கொடுக்கமாட்டேன் என்றான். நெரெய்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் அவன் பெயரில். அவளுக்கு அதில் வாய் திறக்க உரிமை இல்லை. பௌலினோ, வேறு ஒரு வீடும் கையில் இருக்கிறது, சனிக்கிழமை வந்து வண்டியைப் பார்த்துவிட்டுக் கடைசி முடிவு சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டான். அன்று ராத்திரி பலகைக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தூக்கம் வந்திருக்காது. அந்தப் பக்கத்துக் குறட்டை மட்டும் என் வீடு வரைக்கும் கேட்டது.

சனிக்கிழமை காலை நடந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். நான் மட்டுமல்ல, மூலையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த கும்பல் முழுக்கக் கட்டைகளைக் கவிழ்த்துவிட்டுப் பார்த்தது. எவெலியோ கெட்டிக்காரத்தனமாக ஒரு திட்டம் போட்டிருந்தான். வண்டியை வேண்டாம் என்று பௌலினோ தானே ஓடவேண்டும். அதற்காக, வாழ்நாளில் முதல் தடவையாக, தன் காரைத் தன் வாயாலேயே ஏச ஆரம்பித்தான்.

"தம்பி, மனசாட்சியோட சொல்றேன், பின்னாடி என்னைத் திட்டக்கூடாது" என்று தொடங்கினான். பலகையைத் தூக்கி ஓட்டையைக் காட்டினான், அதன் வழியாக ரோடு தெரிந்தது. ஆப்பை உருவி, ஜன்னல் கண்ணாடி தொப்பென்று உள்ளே விழுவதைக் காட்டினான். பிரேக் இழுப்பதைச் சொன்னான், பின்சக்கர ரப்பர் கிழிவதைச் சொன்னான், மழைக்காலத்தில் பிளக் நனைந்து நடுரோட்டில் நிற்பதைச் சொன்னான், கிளட்ச் கேபிளையும் சொன்னான். கடைசியாக, ஸ்டார்ட் பண்ண இரண்டு பேர் வேண்டும், அதுவும் பின்னால் இந்த அம்மா நின்றால்தான் கிளம்பும் என்றான்.

நெரெய்தாவோ அந்த வண்டியை அவ்வளவு வெறுத்தவள், வரிந்து கட்டிக்கொண்டு அதைப் புகழ ஆரம்பித்தாள். பெட்ரோல் மோந்து பார்த்தாலே ஓடுமாம். இந்த ஊரில் எந்தச் சந்திலும் நுழையுமாம். ஸ்டார்ட்டர் அழுத்துவது ஒன்றும் வித்தை இல்லை, நான் சொல்லித் தருகிறேன் என்று கட்டையை எடுத்து வந்து, மூடிக்குப் பின்னால் தன் இடத்தில் நின்றுகொண்டாள். ஒரு அறைக்காக அவள் அப்படிக் கெஞ்சுவதைப் பார்க்க எனக்கு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பௌலினோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு டொமினோ கும்பலுக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தான்.

"அண்ணே, இதையா தரமாட்டேன்னு அன்னைக்கு அந்தக் குதி குதிச்சீங்க? இது காரே இல்லயே, காப்பிப் பாத்திரத்துக்குச் சக்கரம் மாட்டினது. நல்ல தொழிலாளின்னு கை தூக்கினாங்களா, இல்ல தொலையட்டும்னு உங்க தலையில கட்டினாங்களா?"

கும்பல் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லுவானேன். எவெலியோவின் காது இரண்டும் சிவந்துபோயிற்று. திட்டம் பலித்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பௌலினோ அப்படியே போயிருப்பான். ஆனால் கூட்டத்தில் எழுந்த கைகளை ஒருத்தன் கேலி பண்ணிவிட்டானே, அதைப் பொறுப்பானா?

"எவன்டா சொன்னான் கார் இல்லேன்னு?"

கதவைத் திறந்தான், உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான், ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன லிவரை ஒரே இழுப்பு இழுத்தான். போலாக்கோ உடனே பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. வண்டி நின்ற இடத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் நெரெய்தா கட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் அதை இன்னும் மூடிக்குள் விடக்கூட இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. எவெலியோ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தான், தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. நெரெய்தா கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தாள். ஓடுகிற இன்ஜினுக்குள் கையை விட்டு அந்தக் கறுத்த துணியைப் பிரித்தாள். உள்ளே சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்று, கிரீஸ் தடவி, முனையை நேர்த்தியாக முறுக்கிக் கட்டி, பளபளவென்று இருந்தது. அவள் அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்தாள்.

"இது எப்ப போட்டது?"

அவன் சாவிப் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"ஹவானாவுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி" என்றான் எவெலியோ. இன்ஜினை அணைத்தான். இப்போது தெருவே கேட்கிறதே என்கிற கூச்சம்கூட இல்லாமல் சொன்னான். "கேபிள் போட்டுட்டேன்னு சொன்னா நீ பின்னாடி வரமாட்டே. நாள் பூராவும் ஒரு வார்த்தை பேசமாட்டே. காலையில 'இப்ப'ன்னு சொல்லுவே, 'போதும்'னு சொல்லுவே. எனக்கு அதுவாவது இருந்துச்சு."

ஒரு நிமிஷம் எனக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. கல்நெஞ்சக்காரிக்கும் இருக்கும். அப்புறம் அவள் மணிக்கட்டில் வெந்த தழும்பைப் பார்த்தேன். பாவமெல்லாம் பறந்துபோய், அவன் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று வந்தது.

நெரெய்தா கத்தவில்லை. "ரெண்டு வார்த்தைக்கு என் வாழ்க்கையைப் பிடிச்சு வச்சிருக்கே, எவெலியோ" என்றாள். "கேட்டிருந்தா, தினம் உன் ஜன்னல்ல வந்து பேசிட்டுப் போயிருப்பேன். ஹவானாவுல இருந்து போன்கூடப் பண்ணியிருப்பேன். இனிமே ஒண்ணும் கிடையாது. அவர்கிட்ட சாவியைக் குடு."

"நெரெய்தா, இது என்னோட..."

"உன்னோடதுதான். குடு."

கொடுக்கமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சட்டம் அவன் பக்கம். ஆனால் பின்னால் வந்து நிற்க ஆள் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? சாவியை உருவினான். கண்ணாடி உள்ளே விழுந்து கிடந்த அந்த ஜன்னல் வழியாகவே பௌலினோவிடம் நீட்டினான். பௌலினோவுக்கே அதை வாங்க ஒரு மாதிரியாகிவிட்டது, அதுவரை வாய் ஓயாதவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான்.

வீடு மாற்றுவதற்கான காகிதங்கள் முடிய மழைக்காலம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் நெரெய்தா பஸ்ஸுக்கு நின்றாள், கிடைக்காத நாளில் குதிரைவண்டி, அதுவும் இல்லாத நாளில் நடை. நேரம் கழித்துப் போனதற்காக ஆஸ்பத்திரியில் பேச்சு வாங்கினாள். ஹவானா பயிற்சிக்கு ஒரு சின்னப் பெண் போய், திரும்பி வந்து, அவளுக்கு மேலே உட்கார்ந்திருந்தாள். எவெலியோ சைக்கிள் மிதித்தான். மிதிக்கவும் முடிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அவன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான். பௌலினோ தாறுமாறாக ஓட்டி வாங்குகிற அபராதமெல்லாம் வண்டி இவன் பெயரில் இருப்பதால் இவன் வீட்டைத் தேடித்தான் வருகிறது. இரண்டு தடவை எனக்குப் போன் பண்ணி, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். டெலிபோன் அவசரத்துக்கு இருக்கிறது, வை என்று வைத்துவிட்டேன்.

நெரெய்தா மாடி அறைக்குப் போன அன்று நான்தான் அவள் கட்டிலைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துச் சமைத்த கறி கொஞ்சம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். கதவைத் தட்டியதும் யார் என்று கேட்டாள். நான்தான் என்றதும் தாழ்ப்பாள் விலகியது. அவள் கண்கள் வீங்கியிருந்தன. என்னடி ஆச்சு, ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே என்றேன்.

குடிபோன மறுநாள் விடியும்போதே எழுந்துவிட்டாளாம். முகம் கழுவி, கோட்டை மாட்டி, மாடிப்படி இறங்கி, போலாக்கோவுக்குப் பின்னால் நின்ற பழைய வழக்கத்தில் தெருவில் போய் நின்றுவிட்டாளாம். யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறோமே என்று தோன்றும்வரை நின்றாளாம். அப்புறம்தான், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எழுந்திருக்கவே வேண்டியதில்லை, யாரையும் கிளப்பிவிடவும் வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்ததாம்.

"அங்கேயே நின்னு அழுதேன்க்கா" என்றாள். "அவனுக்காக இல்ல. அத்தனை வருஷம் காலையில நான் நின்னேனே, அந்த எனக்காக."

பிறகு மேலே ஏறி வந்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் மத்தியானம் வரைக்கும் தூங்கினாளாம்.